அதுக்கு முன்னாடி?

அவர் உட்கார்ந்து நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். மற்ற நாளெல்லாம் நின்றார், அல்லது நடந்தார். பெருங்களத்தூரில் என் கடை பத்துக்கு இருபது. அதற்குள் இரண்டு தையல் மெஷின், கொசுவலைச் சுருள்கள், அலுமினியச் சட்டங்கள், நடுவில் துணி வெட்டுகிற மேஜை. மிச்சமிருக்கிற சந்தில் அவர் வாசலிலிருந்து மெஷின் வரைக்கும், மெஷினிலிருந்து வாசல் வரைக்கும் நடந்துகொண்டே கேள்வி கேட்பார். பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குக் கிறுகிறுவென்று வரும்.

"மேடம், சேர் கீதுல்ல, குந்துங்களேன்" என்பேன்.

"இல்லக்கா, இதோ கிளம்பிட்டேன்" என்பார். கிளம்ப இரண்டு மணி நேரம் ஆகும்.

கடையில் நாங்கள் அவரை ஆராய்ச்சி மேடம் என்று சொல்வோம். பெயர் தெரியும், ஆனால் இங்கே எழுதப் போவதில்லை. அவர் தம்முடைய தாள்களில் எங்கள் யார் பெயரையும் எழுதவில்லை. நான் அவருக்கு வெறும் 'கடை 4'. பதிலுக்கு நான் செய்கிற மரியாதை இது.

பொருளாதாரம் படித்தவர். என் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். புதிதாக ஒன்றை யோசிக்கிறவர்கள் யார், அந்த யோசனை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எப்படிப் போய்ச் சேருகிறது, அதை வைத்துத் தொழில் தொடங்குகிறவர்கள் யார் என்பதுதான் அவர் ஆராய்ச்சி. முதல் நாள் இதைச் சொன்னபோது, இதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்களா என்று நினைத்தேன். வாயைத் திறந்து கேட்கவும் செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கொடுக்கறாங்க, ஆனா லேட்டா" என்றார்.

அவர் எங்களிடம் வந்து சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளில் ஜன்னல் கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்கும். கொசுவலையை உள்பக்கம்தான் போட முடியும். மழை வந்தால் ஜன்னலைச் சாத்த வேண்டும், சாத்த வேண்டுமென்றால் வலையை மொத்தமாகப் பிய்த்து எடுக்க வேண்டும். அதற்குள் மெத்தை நனைந்துவிடும், கொசுவும் குடும்பத்தோடு உள்ளே வந்துவிடும். எங்கள் கடை வலையில் கீழ் மூலையில் ஒரு சாண் அகலத்துக்குத் தனியாக ஒரு மடிப்பு இருக்கும். ஓரத்தில் காந்தப் பட்டை. கையை உள்ளே விட்டு ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டுக் கையை எடுத்தால் தானாக ஒட்டிக்கொள்ளும். 'கைவழி' என்று பெயர் வைத்திருந்தோம். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகள் தங்குகிற ஒரு கட்டிடத்தில் மேடம் அறை எடுத்திருந்தார், அங்கே ஜன்னலுக்கெல்லாம் எங்கள் வலைதான். முதல் மழைக்கு அவர் அந்த மடிப்பில் கையை விட்டிருக்கிறார். ஜன்னல் சாத்தியாயிற்று. வேறு யாராக இருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு தூங்கப் போயிருப்பார்கள். இவர் மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, ஜி.எஸ்.டி. சாலையின் சேறு முழுவதையும் சேலையில் வாங்கிக்கொண்டு என் கடை வாசலில் வந்து நின்றார்.

"இது யார் யோசனை?"

"நான்தான்" என்றேன். சட்டென்று வந்தது. பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பதில்.

"எப்படித் தோணுச்சு?"

"ஒரு கஸ்டமரு மழை நாள்ல போன் பண்ணி சத்தம் போட்டாங்க. அதான்."

"சரி. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி இன்னா மேடம்? சாதா வலை."

"இல்லக்கா. கஸ்டமர் திட்டினாங்க, மடிப்பு வந்துச்சு. ரெண்டுக்கும் நடுவுல ஒருத்தர் மனசுல ஏதோ நடந்திருக்கணும்ல? அதுக்கு முன்னாடி அவங்க எதையோ பார்த்திருக்கணும்ல?"

இந்த 'அதுக்கு முன்னாடி' என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்து எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. டீக்கடைக்காரர் பால் பாக்கெட்டை ஒரு தினுசாகக் கிழித்தால் அவரிடம் கேட்பார். ஷேர் ஆட்டோக்காரர் ஓட்டுநர் சீட்டுக்குப் பக்கத்தில் பலகை அடித்திருந்தால் இறங்குவதற்குள் கேட்டுவிடுவார். பதில் கிடைத்தால் அதற்கும் முன்னால் என்ன என்று கேட்பார். டீயைப் பாதி குடித்துவிட்டு மேஜையில் வைப்பார். மீதிப் பாதியை எங்கள் தையல்காரி செல்வி கொட்டுவாள். "இந்தம்மாவுக்கு அர டீ வாங்குனா போதும்க்கா" என்பாள்.

தாம்பரத்திலிருந்து பொத்தேரி வரைக்கும் இதே மடிப்பு வைத்து வலை போடுகிற, போர்டு மாட்டிய கடைகள் என்னுடையதோடு சேர்த்து ஏழு இருந்தன. ஒருவர் அதை 'ஹேண்ட் டோர்' என்பார், இன்னொருவர் 'பாக்கெட் நெட்'. மேடம் மற்ற ஆறு கடைக்கும் போனார். போன கதையை எங்களிடம் வந்து சொல்வார், நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். முதல் வாரம், யாரோ காப்பி அடித்ததாகப் புகார் கொடுத்துவிட்டார்கள், அதற்குத்தான் விசாரணை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அதனால் ஆறு பேரும் "அந்த மாதிரி வலையே நாங்க போடறதில்ல மேடம்" என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் சொல்லும்போது அவர் முதுகுக்குப் பின்னால் அதே வலை தொங்கிக்கொண்டிருந்ததாம். அடுத்த வாரம், கண்டுபிடித்தவருக்கு அரசாங்கம் ஏதோ தரப் போகிறது என்று பேச்சு பரவியது. அவ்வளவுதான், ஆறு பேரும் "நான்தான் மொதல்ல" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வருஷம் பின்னால் பின்னால் போனது. ஒருவர் சொன்ன வருஷத்தில் அவர் கடையே திறக்கவில்லை, எட்டாவதோ ஒன்பதாவதோ படித்துக்கொண்டிருந்தார்.

சிரித்துக்கொண்டே சொன்னவர் சட்டென்று முகம் மாறுவார். பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். "பெரிய கம்பெனில ஒருத்தர் ஒரு ஸ்க்ரூவை மாத்தினாக்கூட பேப்பர் இருக்கும்க்கா. பேடன்ட் இருக்கும், பேர் இருக்கும். உங்கள மாதிரி இடத்துல பேப்பரே கிடையாது. பேப்பர் இல்லாததனால, நாட்டுல புதுசா எதுவும் யோசிக்காதவங்க லிஸ்ட்ல உங்களப் போட்டு வச்சிருக்காங்க. எனக்கு அது பொறுக்கல." பிறகு வாசலுக்கு நடப்பார். திரும்பி வருவார். "ஒரு யோசனைக்கு அப்பா யாருன்னு கேட்டா ஏழு பேரு கை தூக்கறாங்க. பெத்தவ யாருன்னு கேட்டா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க."

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். என் பேச்சை இவ்வளவு உன்னிப்பாகக் கேட்ட இன்னொரு ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் இருபது வருஷத்தில் கேட்காத கேள்வியை எல்லாம் இவர் ஒரு மாசத்தில் கேட்டுவிட்டார். அவர் வராத நாளில் கடை என்னவோ மாதிரி இருக்கும். வந்த நாளில் எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஒருநாள் தையல் சாக்கட்டியை எடுத்து வெட்டுமேஜை மேலேயே படம் போட்டார். ஏழு கட்டம். யார் யாரிடமிருந்து கற்றுக்கொண்டார்கள் என்று அம்புக்குறிகள். எல்லா அம்பும் சுற்றிச் சுற்றி என் கட்டத்துக்கே வந்து சேர்ந்தன. பார்க்கப் பெருமையாக இருந்தது. செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினேன். மேடம் அதோடு நிறுத்தவில்லை. என் கட்டத்துக்கு மேலே இன்னொரு கட்டம் போட்டு, அதைக் காலியாக விட்டார்.

"இது யாரு?" என்றேன்.

"அதத்தான் தேடறேன்."

"நான்தான்னு சொன்னேனே மேடம்."

"சொன்னீங்க" என்றார். பிறகு, சம்பந்தமே இல்லாதது போல, "அந்த வருஷம் கடையில வேற யார் யார் தைச்சுட்டிருந்தாங்க?" என்று கேட்டார்.

செல்வி மெஷினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன். கஸ்தூரி என்று ஒருத்தி இருந்தாள். கை வேகம், வேலை சுத்தம். ஆனால் நாணயம் கிடையாது. மழைக்காலம் ஆரம்பிக்கிற நேரத்தில், ஆர்டர் குவிந்து கிடக்கும்போது, தங்கச்சிக்குப் பிரசவம் என்று மூன்று வாரம் ஓடிவிட்டாள். தங்கச்சிக்குப் பிரசவம் என்றால் அக்காவுக்கு எதற்கு மூன்று வாரம்? வேறு எங்கோ வேலைக்குப் போயிருப்பாள். திரும்பி வந்தபோது எல்லார் எதிரிலும் நாலு வார்த்தை கேட்டேன். கொஞ்ச நாள் இருந்தாள். நான் வாசலில் புது போர்டு மாட்டிய வாரம் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். இப்போது வண்டலூரில் போர்டுகூட இல்லாமல் இரண்டு மெஷின் போட்டுத் தனியாகத் தொழில் செய்கிறாள். "வேல கத்துக் குடுத்தவங்களுக்கே போட்டி. ஏற வுட்ட ஏணிய எட்டி ஒதைக்கற ஜாதி மேடம்" என்றேன்.

"போர்டுல என்ன எழுதியிருந்தீங்க?"

அவருக்குத் தெரியும். தினமும் அதன் கீழேதான் ஸ்கூட்டரை நிறுத்துகிறார். கைவழி கொசுவலை, எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு.

பத்து நாள் கழித்து வந்தார். அன்றைக்கு அவர் நடக்கவில்லை. தொங்கவிட்டிருந்த மாதிரி வலைக்கு முன்னால் போய் நின்று, மூலை மடிப்பில் கையை விட்டார். விட்ட கையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். ஒரு மாதிரி இருந்தது எனக்கு.

"வண்டலூரு போனீங்களா?"

"ம்."

"இன்னா சொன்னா?"

"நான் சொல்லக் கூடாதுக்கா. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நீங்களே போய்க் கேளுங்க. தெரியாத ஊரா?"

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. என் டீயை, அது பாதி டீயாகவே இருக்கட்டும், குடித்துவிட்டு, என் மேஜையில் படம் போட்டுவிட்டு, என்னிடமே ரகசியமா? "எல்லாரையும் நோண்டி நோண்டிக் கேக்கறீங்களே மேடம், இந்த 'அதுக்கு முன்னாடி'ய நீங்க யாராண்ட கத்துகினீங்க? அதச் சொல்லுங்க, பாப்போம்" என்றேன்.

அப்போதுதான் உட்கார்ந்தார். சேர் கூட இல்லை, வலைச் சுருள் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் ரூம்மேட்கிட்ட" என்றார். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ஆராய்ச்சி ஆரம்பிச்சோம். இந்தக் கேள்வியே அவளோடதுதான். தெருவுல கடலை விக்கறவரக்கூட விடமாட்டா. வீட்டுல கஷ்டம், அவ பாதியில நிறுத்திட்டுப் போயிட்டா. நான் முடிச்சேன். என் தீசிஸ்ல அந்தக் கேள்வி முதல் பக்கத்துல இருக்கு. அவ பேர் எந்தப் பக்கத்துலயும் இல்ல. நன்றி சொல்ற பக்கத்துல ஹாஸ்டல் வார்டன் பேருகூட இருக்கு."

"இப்ப எங்க கீறாங்க அவங்க?"

"தெரியல. தேடாம இல்ல." பேனா மூடியைத் திறந்தார், மூடினார். "யார் யாரோ எங்கெங்கயோ கத்துக்கிட்டதக் கண்டுபிடிச்சு எழுதறேன். அது ஒண்ண மட்டும் எழுத முடியல."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அவரும் என்னைப் போலத்தான் என்று மனசுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. என்னைப் போல என்றால் எப்படி என்று உடனே உள்ளே ஒன்று கேட்டது. அதை வாயை மூடச் சொல்லிவிட்டேன்.

அந்த மாசம்தான் எங்கள் வட்டார வியாபாரிகள் சங்கத்தில், புதுமை செய்த பெண் தொழில்முனைவோர் என்று எனக்குப் பாராட்டு ஏற்பாடு செய்தார்கள். மேடத்தைக் கட்டாயம் வரச் சொன்னேன். அவர் எழுதுகிற கட்டுரையே எனக்குச் சாட்சி என்று செயலாளரிடம் பெருமை பேசியிருந்தேன். கல்யாண மண்டபம், பிளாஸ்டிக் நாற்காலிகள், கேசரி. மேடம் மூன்றாவது வரிசையில் இருந்தார், நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, செயலாளர் மைக்கை நீட்டினார்.

"அக்கா, இந்த யோசனை உங்களுக்கு எப்படி வந்துச்சு? நாலு பேருக்கு உபயோகமா இருக்கும், சொல்லுங்க."

நான் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். கஸ்தூரி பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. எதிரே நூறு பேர். போட்டிக் கடைக்காரர்கள் ஆறு பேரும் இருக்கிறார்கள்.

"திடீர்னு தோணிச்சு" என்றேன். கை தட்டினார்கள்.

மேடம் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வாய் திறந்தார் என்று எனக்குத் தெரியும். திறந்த வாயை மூடிக்கொண்டார். கேசரி வாங்கிச் சாப்பிட்டார், முழுவதையும் சாப்பிட்டார், எனக்குக் கை ஆட்டிவிட்டுப் போனார். அடுத்த வாரம் போனில் செய்தி வந்தது. பொத்தேரி அறையைக் காலி செய்துவிட்டாராம், கட்டுரை முடிந்ததும் அனுப்புகிறாராம், டீக்கு நன்றியாம். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

அவர் போய்விட்டார், கேள்வி போகவில்லை. மேஜையில் சாக்கட்டிப் படத்தை ஈரத்துணியால் துடைத்தேன். அந்தக் காலிக் கட்டம் இருந்த இடம் எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. வெட்டும்போது கத்தரி கோணலாகப் போயிற்று. அளவு எடுக்கப் போன வீட்டில் அளவைத் தப்பாகக் குறித்தேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் நடக்கத் தோன்றியது. "இன்னாக்கா, நீயும் அந்தம்மா மாறியே நடக்கற?" என்றாள் செல்வி. அன்றைக்கே பஸ் ஏறினேன்.

கஸ்தூரியின் கடை வண்டலூரில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். ஸ்டூலைத் தள்ளினாள். நான் உட்காரவில்லை.

"கஸ்தூரி, அந்தக் கைவழி. அது உனக்கு எப்டித் தோணிச்சு?"

"இன்னாக்கா திடீர்னு?"

"சொல்லு."

"அந்தக் கஸ்டமரு போன்ல கத்துனாங்கல்ல? கைக்கு மட்டும் ஒரு வழி இருந்தா போதும்னேன். நீங்க வெட்டுன்னீங்க. வெட்டுனேன்."

"அதுக்கு முன்னாடி?"

அவள் பாதியில் விட்ட தையலைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அந்த மேடமும் இப்டியேதான் கேட்டாங்க" என்றாள். பிறகு சொன்னாள்.

தங்கச்சிக்கு ஏழாம் மாசத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. தாய்க்கு நினைவு இல்லை, வேறு வார்டில் கிடந்தாள். குழந்தையைப் பெரியாஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் கை விட இரண்டு வட்டம், மூடியோடு. "கைய நல்லாக் கழுவிட்டு உள்ள வுட்டு சும்மா வச்சுக்கோ, யாராச்சும் தொட்டுகினு இருக்கணும்னு நர்சம்மா சொன்னாங்க. தூக்கக் கூடாது. கைய மட்டும் வுடலாம். கைய வெளிய எடுத்தா மூடி தானா மூடிக்கும், காத்து உள்ள போவாது. என் வெரல அது புடிச்சிக்கும்க்கா. மூணு வாரம் அப்டியே நின்னுகினே இருந்தேன்."

"இப்ப?"

"ஒண்ணாவது படிக்கறா." சிரித்தாள். "வாய்தான் கிழியுது."

மேடம் அப்புறம் என்ன கேட்டார் என்றேன். ஒன்றும் கேட்கவில்லையாம். எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றிருந்தாராம். பிறகு வந்து வைத்த டீயைக் கடைசி வரைக்கும் குடித்தாராம்.

"போர்ட எடுத்துடறேன் கஸ்தூரி" என்றேன். "உன் பேரு போட்டு வேற எழுதிடறேன். சங்கத்துல சொல்லிடறேன். பொன்னாடையக் கூட..."

"போர்டு கெடக்குது வுடுங்கக்கா. அந்த மடிப்ப எல்லாரும் போடறாங்க, நானும்தான் போட்டு விக்கறேன். யாரு வூட்டு ஜன்னலோ, மூடுனா சரி." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நான் பொய் சொல்லி லீவு போட்டேன்னு செல்வி எதுர்ல, எல்லாரு எதுர்லயும் சொன்னீங்க இல்ல? அது இல்லன்னு மட்டும் சொல்லிடுங்க. அது ஒண்ணுதான் எனக்குக் குத்திகினே கீது."

மறுநாள் காலையில் கடை திறந்ததும், செல்வி மெஷினில் உட்கார்ந்தவுடன், நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன். மைக் இல்லாமல், முந்தானையைப் பிசைந்துகொண்டு. கஸ்தூரி அன்றைக்குப் பொய் சொல்லவில்லை. குழந்தை பெட்டியில் இருந்தது. கை வைத்துக்கொண்டு மூன்று வாரம் நின்றிருக்கிறாள். கைவழியும் அவளுடையதுதான்.

செல்வி மெஷினை நிறுத்தவே இல்லை.

"எங்களுக்கு அப்பவே தெரியும்க்கா" என்றாள். "நீதான் கேக்கல."